சைக்கிளில் ரோட்டில் 4×5 நிமிட இன்டர்வல்: பவர் நிற்கவே மாட்டேன் என்கிறது, சராசரியும் 10 வாட் குறைவு

வளைவுச்சாலை கேட்டது:

எஃப்.டி.பி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பவர்) 250 வாட். ட்ரெய்னரில் (சைக்கிளை மாட்டி வீட்டுக்குள் மிதிக்கும் கருவி) 20 நிமிட டெஸ்ட் எடுத்து, அதில் 95% கணக்கிட்டது. வாரம் ஒருமுறை 4×5 நிமிடம், 110%, அதாவது 275 வாட். நடுவில் 3 நிமிடம் மெதுவாக மிதிப்பது. ட்ரெய்னரில் எர்க் மோடில் (குறித்த வாட்டிலேயே கருவி பிடித்து நிறுத்தும் முறை) வைத்தால் நாலும் சிரமப்பட்டாவது முடிகிறது. ரோட்டில் முடிவதில்லை.

சைக்கிள் கம்ப்யூட்டர் திரையில் பவர் எண் 190க்கும் 340க்கும் நடுவே குதித்துக்கொண்டே இருக்கிறது. முதல் இரண்டு இன்டர்வலின் சராசரி 265, 267. கடைசியில் 250ஐத் தொடுவதே பெரும்பாடு. சில நேரம் லேப் சராசரி (பட்டனை அழுத்திப் பிரித்த துண்டின் சராசரி) நடுவழியில் அழிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பவர் மீட்டர் இடது கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) மட்டும் அளக்கும் வகை. வீட்டைவிட்டு வண்டியை வெளியே எடுத்ததும் ஜீரோ ஆஃப்செட் (சுமையில்லாதபோது மீட்டரைப் பூஜ்யத்துக்குச் சரிசெய்வது) செய்துவிடுகிறேன். சாலையில் வண்டிகள் குறைவு. ஆனால் லேசான ஏற்ற இறக்கம் இருந்துகொண்டே இருக்கும்.

திரையில் என்னென்ன வைப்பது? இலக்கைக் குறைக்கவா? இல்லை, மீட்டர்தான் பொய் சொல்கிறதா?

மேட்டுக்கியர்:

மீட்டரைச் சந்தேகிக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. 5 நிமிடம் என்றால் 300 விநாடி. 275 வாட்டில் போகும்போது குழி, வளைவு, முன்னால் ஊர்ந்து போகும் வண்டி என்று மொத்தமாக 10 விநாடி கால் நின்றால் போதும், சராசரியில் 9 வாட் காலி. எர்க் மோடில் கால் நிற்பதற்கே இடமில்லை; ரோட்டில் நமக்கே தெரியாமல் நின்றுவிடும். ஃபைலைத் திறந்து அந்த 5 நிமிடத்துக்குள் பவர் பூஜ்யமான விநாடிகளை எண்ணுங்கள்.

அடுத்தது சாலை. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், காற்றில்லாத நாளில் 275 வாட்டுக்குக் கிடைக்கும் வேகம் தோராயமாக இப்படி: சமதளத்தில் மணிக்கு 37 கி.மீ, 2% ஏற்றத்தில் 29, 6% ஏற்றத்தில் 17, 2% இறக்கத்தில் 45. இறக்கம் வந்ததும் வேகம் 37லிருந்து 45க்கு ஏறும்வரை பெடலில் பிடிமானமே இருக்காது. பழைய கியரிலேயே இருந்தால் கால் காற்றில் சுற்றும், எண் 190க்கு விழும். மேடு தொடங்கியதும் அதே கியரில் அழுத்துவீர்கள், 340 வரும். நீங்கள் பார்க்கும் குதிப்பு பெரும்பாலும் இதுதான். கியரை மேடு தொடங்கியபின் மாற்றாதீர்கள், மேடு கண்ணில் பட்டதுமே மாற்றுங்கள். இறக்கத்துக்கும் அப்படியே, உச்சியைத் தாண்டும் முன்பே ஒன்றிரண்டு பல் கனமாக்கிவிடுங்கள்.

இதைவிட எளிய வழி, 3 முதல் 6 சதவீதம் சீராக ஏறும் ஒரு துண்டுச் சாலையைப் பிடிப்பது. 6% ஏற்றம் என்றால் 5 நிமிடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் போதும். ஏறி முடித்ததும் திரும்பி உருண்டு வந்தால் ஓய்வும் ஆச்சு, அடுத்த இன்டர்வல் அதே கல்லிலிருந்து தொடங்கவும் ஆச்சு. நாலையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாம். மேடே இல்லாத இடமா? எதிர்காற்று நல்ல நண்பன். காற்றை எதிர்த்து இன்டர்வல், காற்றோடு திரும்பி ஓய்வு.

கடைசியாக, தொடக்கம். லேப் பட்டனை அழுத்தியதும் பெடலில் எழுந்து நின்று 400 வாட்டில் பாய்வதுதான் வழக்கமான ஆரம்ப சூரத்தனம். 250க்கு மேல் போகும் ஒவ்வொரு வாட்டும் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. 275இல் 5 நிமிடம் போக மொத்தம் ஏழரை கிலோஜூல் செலவு. முதல் 30 விநாடியை 400இல் போனால் நாலரை அங்கேயே கரைந்துவிடும். முதல் இன்டர்வலில் இது உறைக்காது. நாலாவதில் வட்டியோடு வரும்.

அரைவாட்:

ஆட்டோ லேப் என்ற ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. லேப் சராசரி நடுவில் அழிவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 5 கி.மீ அல்லது 1 கி.மீக்கு ஒருமுறை தானாக லேப் வெட்டும் வசதி அது, அணைத்துவிடுங்கள். கூடவே ஆட்டோ பாஸையும் (வண்டி நின்றால் பதிவையும் நிறுத்தும் வசதி). பதிவு 'ஸ்மார்ட்' (மாற்றம் தெரியும்போது மட்டும் பதிவது) என்றிருந்தால் விநாடிக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள். பவர் சராசரியில் பூஜ்யங்களைச் சேர்க்க வேண்டும், கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை மிதிச் சுற்று) சராசரியில் சேர்க்கக் கூடாது. இரண்டும் தனித்தனி செட்டிங்.

திரைக்கு நாலே கட்டங்கள் போதும்: 3 விநாடிப் பவர், லேப் சராசரிப் பவர், லேப் நேரம், கேடன்ஸ். நொடிப் பவர் வேண்டவே வேண்டாம். மிதியின் ஒவ்வொரு சுற்றிலும் ஆடும் எண் அது. வேகத்தையும் எடுத்துவிடுங்கள். 3 விநாடி எண்ணை முதல் ஒரு நிமிடம் மட்டும் பாருங்கள், பிறகு லேப் சராசரி. 12, 20 நிமிடம் போன்ற நீண்ட இன்டர்வல் என்றால் 3க்குப் பதில் 10 விநாடிச் சராசரி மனதுக்கு அமைதி.

லேப் சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது. மூன்றரை நிமிடத்தில் 268 காட்டுகிறது, இலக்கு 275 என்றால், மிச்சமுள்ள ஒன்றரை நிமிடத்தை 291இல் போனால்தான் சராசரி 275ஐத் தொடும். தொட்டுவிடலாம்தான். ஆனால் அதற்கான விலையை அடுத்த இன்டர்வல் கொடுக்கும். விட்டுவிடுங்கள். 268இல் சீராக முடிந்த 5 நிமிடம் உடம்புக்கு நல்ல பயிற்சிதான்.

இலக்கு நார்மலைஸ்டு பவரில் அல்ல, வெறும் சராசரியில். நார்மலைஸ்டு என்பது 30 விநாடி நகரும் சராசரியை நான்காம் அடுக்குக்கு ஏற்றிச் செய்யும் கணக்கு. 5 நிமிடத் துண்டுக்குப் பொருந்தாது. குதிப்புகளை ஊதிக் காட்டி ஆறுதல் சொல்லும், அவ்வளவே.

முறுக்குவிசை:

நீங்கள் ஜீரோ ஆஃப்செட் செய்யும் நேரம் தவறு. வீட்டுக்குள் ஒரு வெப்பநிலை, வெளியே ஒரு வெப்பநிலை. கிராங்கில் ஒட்டியிருக்கும், அதன் நுண்ணிய வளைவை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் வெளி வெப்பத்துக்குப் பழக 10–15 நிமிடம் ஆகும். வெப்பநிலை ஈடுகட்டும் வசதி மீட்டரில் இருந்தாலும் அது முழுக்கச் சரிசெய்துவிடும் என்று நம்ப வேண்டாம். வார்ம்-அப் பாதியில் ஒரு ஓரமாக நிறுத்தி, இறங்கி, கிராங்கை நேர்செங்குத்தாகக் கீழே விட்டு, பெடலில் கால் வைக்காமல் செய்யுங்கள். வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். அந்த எண் பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை. நாளுக்கு நாள் அருகருகே இருக்கிறதா என்பதே முக்கியம். ஒருநாள் திடீரென்று எகிறினால் பேட்டரி, தளர்ந்த கிராங்க் போல்ட், ஈரம் என்று வரிசையாகப் பாருங்கள்.

கிராங்க் நீளம் சரியாகப் பதிந்திருக்கிறதா? 170 மி.மீ கிராங்குக்கு 175 என்று இருந்தால் கிட்டத்தட்ட 3% கூடுதலாகக் காட்டும். பெடல் வகை மீட்டர்களில் இந்தத் தவறு சகஜம். சைக்கிள் மாற்றும்போது நீளத்தை மாற்ற மறந்துவிடுவார்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் உண்மையான கேள்வி வேறு. எஃப்.டி.பி ட்ரெய்னரின் எண், ரோட்டில் பார்ப்பது கிராங்கின் எண். இரண்டு தராசு. ட்ரெய்னரில் ஏறி, கிராங்கை சைக்கிள் கம்ப்யூட்டரிலும் ட்ரெய்னரை ஆப்பிலும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். 15 நிமிடம் சூடானபின் இரண்டையும் காலிபரேட் செய்துவிட்டு 150, 200, 250 வாட்டில் ஐந்தைந்து நிமிடம். ஒவ்வொன்றிலும் கடைசி 3 நிமிடச் சராசரியை மட்டும் எடுங்கள். ட்ரெய்னர் செயினுக்குப் பின்னால் அளப்பதால் கிராங்கைவிட 2–3% குறைவாகக் காட்டுவதே இயல்பு.

வளைவுச்சாலை:

ஆட்டோ லேப் 5 கிலோமீட்டரில் இருந்தது, அணைத்தாச்சு. கிராங்க் நீளம் சரி. பூஜ்யம் விழுந்த விநாடிகள் இன்டர்வலுக்குச் சராசரியாக 5 மட்டுமே.

ஒப்பீடு: ட்ரெய்னர் 150, 200, 250. கிராங்க் 145, 194, 242. நீங்கள் சொன்னதற்கு நேர் எதிராகக் கிராங்க்தான் குறைவு.

முறுக்குவிசை:

அப்படியானால் முடிச்சு அவிழ்ந்தது. இடது மட்டும் அளக்கும் மீட்டர், இடது காலின் பவரை இரண்டால் பெருக்கிக் காட்டுகிறது. ட்ரெய்னர் சரி என்றே வைத்துக்கொள்வோம். அங்கே 250 என்றால் கிராங்குக்கு வந்தது சுமார் 256. மீட்டர் 242 காட்டுவதால் இடது கால் கொடுத்தது 121. அதாவது 47க்கு 53. இந்த அளவு ஏற்றத்தாழ்வு பலருக்கும் இருப்பதுதான், கோளாறு இல்லை. ட்ரெய்னரே கொஞ்சம் தாராளமாகக் காட்டுகிறது என்பதும் சாத்தியம். எது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டிய அவசியமில்லை.

கிராங்கின் கணக்கில் உங்கள் எஃப்.டி.பி 242. அதில் 110% என்றால் 266. முதல் இரண்டு இன்டர்வலில் நீங்கள் போனது 265, 267! குறி தப்பவே இல்லை. சொல்லப்போனால் தாண்டியிருக்கிறீர்கள்: 5 விநாடி கால் நின்றும் 266 வந்திருக்கிறது என்றால் மிதித்த நேரத்தில் 270க்கு மேல். ட்ரெய்னர் எண்ணில் அது 279, உங்கள் எஃப்.டி.பியில் 112%. கூடவே மேடுபள்ளத்தின் குதிப்பு. நாலாவது இன்டர்வல் சரிவதில் ஆச்சரியமே இல்லை.

சைக்கிள் கம்ப்யூட்டரில் எஃப்.டி.பியை 242 ஆக்கிவிட்டு 255–266க்குள் ஓட்டுங்கள். ஓய்வை 3இலிருந்து 4 நிமிடமாக்கலாம். 110–120 வாட்டில் கால் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். இன்னும் நல்லது, ட்ரெய்னர் எண்ணை மறந்துவிட்டு நீண்ட ஏற்றம் ஒன்றில் இதே கிராங்கில் 20 நிமிட டெஸ்ட். அதற்கு முன் 5 நிமிடம் முழு மூச்சாக ஒரு ஓட்டம், பிறகு 10 நிமிடம் லேசாக. அந்த 5 நிமிடத்தை விட்டுவிட்டு 95% போட்டால் எஃப்.டி.பி ஊதிப்போகும். எண் 242ஐவிடக் கூடுதலாக வந்தாலும் திகைக்காதீர்கள். வெளிக்காற்று உடம்பைக் குளிர்விக்கும், ட்ரெய்னரில் அது குறைவு.

ட்ரெய்னரையும் இதே கிராங்கைப் பார்த்து ஓடும்படி ஆப்பில் இணைத்துவிட்டால் உள்ளே வெளியே ஒரே தராசு.

மேட்டுக்கியர்:

அழகான கணக்கு. கால் நின்றதால்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அது பாதிக் காரணம்தான்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பயிற்சியை சைக்கிள் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டுபவர்கள் வார்ம்-அப்பையும் ஓய்வையும் நேரம் வைத்து முடிக்காமல், 'லேப் பட்டன் அழுத்தும்வரை' என்று வையுங்கள். இல்லாவிட்டால் சிக்னலில் ஒரு காலை ஊன்றி நிற்கும்போது 275 வாட் மிதி என்று கத்தத் தொடங்கிவிடும். இலக்கு வரம்பையும் அகலமாக, மேலும் கீழும் 15–20 வாட் வையுங்கள். 5 வாட் வரம்பு வைத்தால் எச்சரிக்கை ஒலியிலேயே பாதி உயிர் போய்விடும், கண்ணும் சாலையைவிட்டுத் திரையிலேயே இருக்கும்.

பல்சக்கரம்:

ஆரம்ப சூரத்தனம் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. எஃப்.டி.பியை ஒட்டிய 12, 20 நிமிட இன்டர்வல்களுக்கு மேட்டுக்கியர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் வி.ஓ.2 மேக்ஸுக்கான (உடம்பு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்ஸிஜன்) 4–5 நிமிடத் துண்டுகளில் முதல் 30–40 விநாடியை 115–120% வரை தூக்கி, பிறகு 105–108க்கு இறக்கி ஓட்டினால் ஆக்ஸிஜன் பயன்பாடு சீக்கிரம் மேலே ஏறும். அப்படிப் பயிற்சி செய்பவர்கள் நிறையப் பேர். 400 வாட் பாய்ச்சல் வேறு, இது வேறு. 242க்கு இது 280–290, அதற்கு மேல் வேண்டாம்.

சீரான சாலையே கிடைக்காவிட்டால் இன்னொரு வழி, நார்வேயின் ரோன்னெஸ்டாட் ஆய்வுகளால் பிரபலமான 30/15: 30 விநாடி கடுமையாக, 15 விநாடி பாதிப் பவரில், இப்படி 13 முறை ஒரு செட். 3 நிமிட ஓய்வோடு 3 செட். ஒரு செட் ஒன்பதரை நிமிடம். வளைவோ குழியோ வந்தால் பெரும்பாலும் 15 விநாடிக்குள் அடங்கிவிடும். இதில் திரையை நம்பிப் பிரயோஜனமில்லை. 3 விநாடிச் சராசரி எப்போதும் காலுக்குப் பின்னால்தான் வரும். முதல் செட்டைக் கொஞ்சம் அடக்கி ஓட்டிவிட்டு, ஓய்வில் அந்த செட்டின் சராசரியைப் பார்த்து அடுத்ததைத் தீர்மானியுங்கள். ஒவ்வொரு 30க்கும் லேப் அழுத்த வேண்டாம், செட்டுக்கு ஒன்று போதும்.

வளைவுச்சாலை:

242 போட்டாச்சு. இதயத்துடிப்பைத் திரையிலிருந்து எடுத்தே விடலாமா?

அரைவாட்:

இன்டர்வல் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள், பட்டையை நெஞ்சிலிருந்து எடுக்காதீர்கள். துடிப்பு பவருக்குப் பின்னால் ஒன்றிரண்டு நிமிடம் தாமதமாக வரும் என்பதால் இன்டர்வல் ஓடும்போது உதவாது. ஃபைலில் உதவும். நாலிலும் பவர் ஒன்றாக இருந்து, துடிப்பு ஒவ்வொன்றிலும் நாலைந்து கூடிக்கொண்டே போவது வழக்கம்தான். வெயில் நாளில் இரண்டாவதிலேயே வழக்கத்தைவிட பத்துப் பதினைந்து கூடுதலாக நின்றால், மூன்றாவதை 10 வாட் குறைத்துப் போங்கள். துடிப்பு ஏறாமலே கால் மட்டும் கனத்துப்போனால் அது களைப்பு. அன்றைக்கு மூன்றோடு வீடு திரும்பலாம்.