கான்கார்ட் போனது யாருக்கு நஷ்டம்?

டெல்டாச்சிறகு:
சென்ற மாதம் நியூயார்க்கில் அரை நாள் ஓய்வு கிடைத்தது. உடன் வந்தவர்கள் கடைவீதிக்குப் போனார்கள், நான் ஹட்சன் ஆற்றங்கரைக்குப் போனேன். இன்ட்ரெபிட் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலை அங்கே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒலியைவிட வேகமாகப் பறந்து 2003இல் ஓய்ந்துபோன பயணிகள் விமானமான கான்கார்டும் ஒன்று அங்கேதான் நிற்கிறது. அதன் வயிற்றுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு வியப்பைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

1977 நவம்பரில் லண்டன்–நியூயார்க் சேவை தொடங்கியது. பயணம் மூன்றரை மணி நேரம். காலை பத்தரைக்கு லண்டனில் ஏறியவர், உள்ளூர்க் கடிகாரப்படி அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நியூயார்க்கில் இறங்கினார். இன்று அதே வழிக்கு ஏழு, எட்டு மணி நேரம் ஆகிறது. தாத்தா போன வேகத்தில் பேரனால் போக முடியவில்லை! நிலவுக்கும் அதே கதை. 1972 டிசம்பருக்குப் பிறகு அங்கே யாரும் கால் வைக்கவில்லை.

இன்றைய பிள்ளைகள் கான்கார்டைப் பார்ப்பதே சோக இசை போட்ட நாற்பது விநாடிக் காணொளிகளில்தான். கட்டாத விமானத்தின் கணினிப் படத்துக்கு ஆயிரக்கணக்கில் விருப்பக்குறிகள் விழுகின்றன, கட்டிய விமானம் ஆற்றங்கரையில் மழையில் நனைகிறது. துணிச்சல் செத்துவிட்டது, கணக்கர்கள் வென்றுவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
என் பெயரைச் சொல்லியே திட்டிவிட்டீர்கள், பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

கான்கார்டின் எரிபொருள் தொட்டிகள் சுமார் 1,19,500 லிட்டர் கொள்ளும். இன்று பறக்கும் போயிங் 787-9 விமானம் சுமார் 1,26,000 லிட்டர் கொள்ளும். கிட்டத்தட்ட ஒரே அளவு. அதை வைத்துக்கொண்டு கான்கார்ட் நூறு பேரைச் சுமார் 7,000 கி.மீ. கொண்டுபோனது. 787-9 ஏறத்தாழ 290 பேரை 14,000 கி.மீ. கொண்டுபோகிறது. இதைப் பின்னடைவு என்கிறீர்களா?

அப்புறம், அந்தத் தாத்தா யாருடைய தாத்தா ஐயா? என் தாத்தா திருச்சியிலிருந்து மதுரைக்கே பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர். அவர் பேரன் இன்று வருடத்துக்கு இரண்டு முறை கடல் தாண்டிப் போய் வருகிறான். அந்த டிக்கெட்டை வாங்க முடிந்ததற்குக் காரணம், உங்களுக்குப் பிடிக்காத அந்தக் கணக்கர்கள்தான்.

டெல்டாச்சிறகு:
லிட்டர் கணக்கில் பார்த்தால் மாட்டுவண்டிதான் உலகிலேயே சிறந்த வாகனம். ஒரு சொட்டுகூட வேண்டாம்.

கான்கார்ட் தோற்றதற்கு அதன் வடிவமைப்பு காரணமல்ல, கெட்ட நேரம்தான் காரணம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்திராவிட்டால் உலக நிறுவனங்கள் எல்லாம் வரிசையில் நின்று வாங்கியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
தேதியைப் பாருங்கள். அமெரிக்க விமான நிறுவனங்களான பான் ஆம், டிடபிள்யூஏ இரண்டும் தங்கள் முன்பதிவை விட்டுக்கொடுத்தது 1973 ஜனவரி 31. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியது அக்டோபரில். நோயாளி போன பிறகு வந்த காய்ச்சல் அது.

கட்டியவை மொத்தம் 20. அவற்றில் பயணிகளை ஏற்றியவை 14. அந்தப் பதினான்கும் கட்டிய இரண்டு நாடுகளின் சொந்த விமான நிறுவனங்களுக்கே போயின. 1962இல் பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்டது சாதாரண வணிக ஒப்பந்தமல்ல, நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை. 1964இல் பிரிட்டனில் ஆட்சி மாறியதும் புதியவர்கள் கைகழுவப் பார்த்தார்கள். உடன்படிக்கையில் விலக வழியே இல்லை. நீங்கள் துணிச்சல் என்று கும்பிடுவதில் பாதி, வெளியே வர முடியாத கட்டாயம்.

பயலேபார்:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இந்தத் தலைப்பில் எங்கள் ஊருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் வழியில் கான்கார்டை விட்டன. சாங்கி அப்போது கிடையாது, எல்லாம் பயலேபார் விமான நிலையத்தில்தான். அப்பா அங்கே பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தார். விமானத்தின் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம். "ஒரு வீட்டுக்கு இரண்டு மருமகள்" என்று அதைப் பற்றி இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

மூன்று முறை போய்வந்ததும் நின்றுவிட்டது. சத்தம் தாங்கவில்லை என்று மலேசியா மறுத்துவிட்டது. 1979 ஜனவரியில் பாதையை மாற்றி மறுபடி தொடங்கினார்கள். இந்தியாவோ தன் நிலத்தின் மேல் ஒலிவேகத்தைத் தாண்டக் கூடாது என்றது. 1980இல் மூட்டை கட்டிவிட்டார்கள். டெல்டா அண்ணா, இதில் கணக்கர் எங்கே வந்தார்? கீழே வீட்டில் குழந்தையைத் தூங்க வைத்தவர்கள்தான் வேண்டாம் என்றார்கள்.

டெல்டாச்சிறகு:
ஒலித்தடையைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் ஒரே ஒரு 'டமார்'. அதற்காகவா ஒரு கண்டத்தையே மூடுவது?

ஸ்பேனர்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதைப் படித்த பிறகு முடியவில்லை. விமானப் பராமரிப்பில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறேன் தம்பி, அது ஒரே ஒரு டமார் அல்ல. ஒலியைவிட வேகமாகப் போகும் வரை அதிர்வலை விமானத்தோடு கூடவே வரும். படகு ஓடும் தூரம் முழுக்கக் கரையில் அலை வந்து மோதுகிறதே, அதுபோல. கீழே இருக்கிற ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்கு ஒரு முறை அதிரும். அமெரிக்காவில் 1964இல் ஓக்லஹோமா சிட்டி மக்கள் மீது ஆறு மாதம் இதைப் போட்டுப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுகள். கண்ணாடி உடைந்ததென்று புகார்கள் குவிந்தன. 1973இல் தங்கள் நிலத்தின் மேல் பயணிகள் விமானம் மீயொலி வேகத்தில் பறக்கவே தடை போட்டார்கள்.

அதற்காகக் கணக்குப்பிள்ளை சொல்வதையும் முழுதாக ஏற்கமாட்டேன். அவர் கூட்டலில் ஒரு வரவு விட்டுப்போயிருக்கிறது.

மாக் 2, அதாவது ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் உள்ளே வரும் காற்றை அப்படியே எஞ்சினுக்குக் கொடுத்தால் அது திணறிவிடும். நுழைவாயிலில் அசையும் பலகைகளை வைத்து, சில அடி தூரத்துக்குள் அந்தக் காற்றை ஒலிவேகத்தில் பாதிக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சினின் பின்பக்கத்தில் கூடுதல் எரிபொருளைத் தெளித்து எரிக்கும் பின்னெரிப்பு, கிளம்பும்போதும் மேலே ஏறி வேகம் பிடிக்கும்போதும் மட்டும். மாக் 1.7 தாண்டியதும் அதை அணைத்துவிடுவார்கள். அதன் பிறகு பின்னெரிப்பு இல்லாமலேயே மணிக்கணக்கில் மாக் 2. போர் விமானங்களே பொறாமைப்பட்ட விஷயம் இது! விமானியின் கை அசைவு கம்பி வழியே மின்குறியாகச் சிறகுக்குப் போன முதல் பயணிகள் விமானமும் இதுதான். கரிம பிரேக்கும் இதில் இருந்தது. இரண்டு நாடுகள், இரண்டு மொழிகள், இரண்டு அளவைமுறைகள் சேர்ந்து ஒரே விமானத்தைக் கட்டப் பழகியதும் இதில்தான். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தது விமானம் கட்டும் ஏர்பஸ் நிறுவனம். இன்று நீங்கள் மலிவு டிக்கெட்டில் ஏறும் ஏ320 அந்த வீட்டுப் பிள்ளை.

கணக்குப்பிள்ளை:
ஸ்பேனர் ஐயா, வரவு வைத்துக்கொள்கிறேன். பதிலுக்கு ஒன்று. கான்கார்ட் முதலில் பறந்தது 1969 மார்ச் 2, துலூஸில். அதற்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 9 அன்று, அமெரிக்காவில் போயிங் 747 பறந்தது. மீயொலி விமானங்கள் வந்ததும் பயணிகள் அங்கே போய்விடுவார்கள், 747 சரக்கு ஏற்றத்தான் ஆகும் என்று கட்டியவர்களே நினைத்தார்கள். மூக்கைத் திறந்து சரக்கு ஏற்றுவதற்காகக் காக்பிட்டை மாடியில் வைத்தார்கள். 747இன் முன்பக்கத்தில் மேலே தெரியும் அந்தத் திமில் வந்த கதை அதுதான். மூட்டை சுமக்கப் பிறந்ததாக எண்ணிய அந்த விமானம் 2023 வரை விற்றது, மொத்தம் 1,574.

டெல்டாச்சிறகு:
747 மீது எனக்குப் பகை இல்லை. அதுவும் 1969தான் என்பதைக் கவனியுங்கள்! ஒரே வருடத்தில் ஜம்போ, கான்கார்ட், அப்பல்லோ 11. இன்று ஒரு விமானத்துக்குப் புது எஞ்சின் மாட்டுவதையே புரட்சி என்று விற்கிறார்கள். அதிர்வு பற்றி நான் எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். துணிச்சல் போய்விட்டது என்று சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

பயலேபார்:
2024 அக்டோபரில் எழுபது மீட்டர் உயர ராக்கெட் அடிப்பாகம் விண்ணிலிருந்து திரும்பி வந்தது, ஏவிய கோபுரத்தின் இரண்டு கரங்களே அதைப் பிடித்தன. அது என்ன கோழைத்தனமா அண்ணா? 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனத்தின் எக்ஸ்பி-1 விமானமும் ஒலிவேகத்தைத் தாண்டியதே.

கணக்குப்பிள்ளை:
ஒரே ஒருவர் உட்காரும் எக்ஸ்பி-1. நூறு பேர் உட்காரும்போது சொல்லியனுப்புங்கள், என் கணக்குப் புத்தகத்தோடு வருகிறேன்.

ஸ்பேனர்:
2000 ஜூலையில் நடந்த கான்கார்ட் விபத்தை யாரும் தொடவில்லை. ஓடுபாதையில் கிடந்த ஒரு உலோகப் பட்டை டயரைக் கிழித்தது. டயர்த் துண்டு சிறகின் அடியில் மோதித் தொட்டி உடைந்தது. 113 பேர் போனார்கள். டயர் வெடித்துத் தொட்டி ஓட்டையாவது கான்கார்டுக்கு அது முதல் முறையும் அல்ல, 1979இல் வாஷிங்டனிலேயே நடந்திருக்கிறது. காணொளிக்காரர்கள் சோக இசை போடுவதானால் அந்த இடத்தில் போடட்டும்.

டெல்டாச்சிறகு:
உண்மை. அதைப் பற்றி எனக்கு வாதம் இல்லை.

ஐயா, வேறு ஒன்று கேட்கிறேன். பறக்கும்போது அது நீளும் என்கிறார்களே?

ஸ்பேனர்:
ஒரு சாண் நீளும். மூக்கு நுனி 127 டிகிரி வரை சூடேறும், அலுமினியம் விரியாமல் என்ன செய்யும்? காக்பிட்டில் ஃபிளைட் இன்ஜினியரின் பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விழும். இறங்கிக் குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும். 2003இல் கடைசிப் பயணங்களின்போது சில இன்ஜினியர்கள் தங்கள் தொப்பியை அதில் செருகிவிட்டு வந்தார்கள்.

பயலேபார்:
டெல்டா அண்ணா, இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நீங்கள் நியூயார்க்கில் பார்த்தது அதே விமானம். எங்கள் ஊர் வண்ணம் பூசியிருந்தது அது ஒன்றுக்குத்தான். இடப்பக்கம் இப்போது எப்படி இருக்கிறது? படம் இருந்தால் போடுங்கள், அப்பாவிடம் காட்ட வேண்டும்.

டெல்டாச்சிறகு:
அதுவா இது! தெரியாமல் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம்தான் தம்பி. இடப்பக்கத்தில் நான்கு படம் எடுத்திருக்கிறேன், ஒன்றில் என் விரல் விழுந்துவிட்டது. மற்ற மூன்றையும் இன்றிரவு ஏற்றுகிறேன்.