கேள்வி-பதில் தளத்தில் பின்னூட்டம் எதற்கு? பேசாமல் மூடிவிடலாமா?

மாடித்தோட்டக்காரன்

வணக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மாடித்தோட்டத்துக்கென்று ஒரு சின்னக் கேள்வி-பதில் தளம் நடத்துகிறோம். மேலே கேள்வி, கீழே பதில்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் பின்னூட்டம், வழக்கமான அமைப்புதான். தலைவலி முழுக்க அந்தப் பொடி எழுத்தில்.

போன வாரம் ஒருவர் "மிளகாய்ச் செடியில் இலை சுருளுது, என்ன அடிக்கலாம்?" என்று கேட்டார். கேள்வியே அவ்வளவுதான், படம்கூட இல்லை. பதில் 1, பின்னூட்டம் 38. "எனக்கும் இதே பிரச்சினை", "எனக்கும்", "நன்றி அண்ணா", "புளிச்ச மோர் அடிங்க", "மோரெல்லாம் சும்மா, பெருங்காயம் சேர்க்கணும்", அப்புறம் இயற்கை மருந்தா ரசாயனமா என்று இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். கேட்டவர் அந்தப் பக்கமே திரும்பி வரவில்லை.

கூட இருக்கும் நண்பர் பின்னூட்டத்தையே மூடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் "சரி, எதுக்கு வெச்சிருக்கோம், சொல்லு" என்று அவர் கேட்டபோது வாயைத் திறக்க முடியவில்லை. இப்படித் தளம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கீபோர்டு கிழவன்

எனக்குச் செடி பற்றித் தெரியாது, நிரல் எழுதுகிறவன். நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பல வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நாம் எழுதியதற்கு மற்றவர்கள் வாக்குப் போட்டால் புள்ளி சேரும். கேள்வி கேட்கவோ பதில் எழுதவோ அந்தப் புள்ளி எதுவும் வேண்டாம், ஆனால் அடுத்தவர் கேள்விக்குக் கீழே பின்னூட்டம் போட 50 புள்ளி வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், பதிலே எழுத விடுகிறவர்கள் ஒரு வரி கமெண்ட் போட விடவில்லையே என்று கோபப்படுவார்கள். நானும் பட்டேன். காரணம் பிறகுதான் புரிந்தது. தப்பான பதிலை நாலு பேர் கீழே தள்ளி வாக்குப் போடலாம், அது அடியில் போய்விடும். பின்னூட்டத்துக்கு எதிர்வாக்கே கிடையாது. பிடித்திருந்தால் மேலே ஏற்றலாம், அவ்வளவுதான். ஆக, ஒருவர் தப்பான மருந்தைப் பின்னூட்டத்தில் எழுதிவிட்டால் அது தப்பு என்று காட்ட இன்னொரு பின்னூட்டம் போட வேண்டும், அதற்கு அவர் பதில், அதற்கு இவர் பதில். உங்கள் 38 அப்படித்தான் வந்திருக்கும்.

மற்ற கட்டுப்பாடுகளும் இதே புத்தியோடு வைத்தவைதான். ஒரு பின்னூட்டம் 15 எழுத்துக்குக் குறையக் கூடாது, 600-ஐத் தாண்டக் கூடாது. போட்ட 5 நிமிஷத்துக்குள் திருத்தினால் உண்டு. தளத்தின் தேடலில் பின்னூட்டம் சிக்காது. ரொம்ப நீண்டால் அரட்டை அறைக்குப் போங்கள் என்று தளமே சொல்லும். எழுதும் பெட்டியிலேயே கூடுதல் விவரம் கேட்கவும் திருத்தம் சொல்லவும்தான் இது, இங்கே பதில் எழுதாதீர்கள் என்று மங்கலாக எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை, அது வேறு கதை.

கட்டடம் எழும்பும்போது கட்டுகிற சாரம் மாதிரிதான் அங்கே பின்னூட்டத்தைப் பார்க்கிறார்கள். விவரம் கேள்விக்குள்ளும் திருத்தம் பதிலுக்குள்ளும் போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்துவிடலாம். நீங்களும் தயங்காமல் அழியுங்கள்.

செவ்வந்தி

தம்பி, அந்த மிளகாய்க் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். எனக்கு மாடியில் 12 வருஷமாக மிளகாய் இருக்கிறது. யாராவது வந்து இலை சுருளுது என்றால் எனக்கு வாயில் முதலில் வருவது "மேலே பார்த்துச் சுருளுதா, கீழே பார்த்தா?" என்பதுதான்.

இலையின் ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி இருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். படகைக் கவிழ்த்துப் போட்டது மாதிரி கீழ்நோக்கி வளைந்து, காம்பும் நீண்டிருந்தால் சிலந்திப்பேன். இது பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால் சாதி, அதனால் பூச்சிக்கென்று விற்கிற மருந்து பலதும் இதனிடம் எடுபடாது. மூன்றாவதாக, வெள்ளை ஈ கொண்டுவருகிற வைரஸ். இலை சின்னதாகி, சுருங்கி, செடியே குட்டையாக நின்றுவிடும். அதற்கு மருந்தே கிடையாது, பிடுங்கி எறிய வேண்டியதுதான். கேள்வி ஒன்றுதான், வைத்தியம் மூன்று. அந்த 38 பேரில் ஒருவராவது எந்தப் பக்கம் சுருளுகிறது என்று கேட்டாரா? கேட்டிருந்தால் மோருக்கும் பெருங்காயத்துக்கும் சண்டையே வந்திருக்காது.

பதிலுக்குக் கீழேயும் பின்னூட்டத்துக்கு வேலை உண்டு. சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கிற கந்தகத் தூள்) அடிக்கச் சொல்லி ஒருவர் பதில் எழுதுகிறார் என்று வையுங்கள். பதில் சரிதான். ஆனால் நம் ஆட்கள் பாதிப் பேர் முந்தின நாள்தான் வேப்பெண்ணெய் அடித்திருப்பார்கள். எண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது போகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகிவிடும், கத்திரி வெயிலில் அடித்தாலும் அப்படியே. இதை ஒருவர் கீழே சொன்னால், எழுதியவர் உடனே தன் பதிலில் சேர்த்துவிட வேண்டும். அடியில் பொடி எழுத்தில் கிடந்தால் மருந்துக் கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் யார் கண்ணில் படும்?

வழிப்போக்கன்

அழிக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. கிழவர் ஐயா சொல்லும் தளத்துக்கு உலகம் பூராவிலிருந்தும் ஆள் வருகிறது, நான்கு பேர் கோபித்துக்கொண்டு போனால் நாற்பது பேர் வருவார்கள். மாடித்தோட்டக் குழுவுக்கு அந்த வசதி இல்லை. நம் ஊரில் உதவி வாங்கியவர் ஒரு நன்றி சொல்லாமல் போனால் திமிர் பிடித்தவர் என்பார்கள், சொன்னதை நீங்கள் அழித்தால் உங்களைத் திமிர் பிடித்தவர் என்பார்கள்.

விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு ஒரு பேச்சுப் பக்கம் தனியாக இருக்கிறது. சண்டை, சந்தேகம் எல்லாம் அங்கே நடக்கும், பழசானால் தொகுத்துக் காப்பகத்தில் வைப்பார்கள். ஏன் இப்படி முடிவெடுத்தார்கள் என்று பல வருஷம் கழித்து வருகிறவரும் பார்க்கலாம். சாரத்தை அவிழ்த்தாலும் மூங்கிலை யாராவது எரிப்பார்களா?

இன்னொன்று. வெறும் நன்றி வேறு, "நீங்க சொன்னபடி செஞ்சேன், பத்து நாளில் புதுத் துளிர் நேராக வந்தது, நன்றி அக்கா" என்பது வேறு. அந்தப் பதில் வேலை செய்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதையும் நன்றி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அழித்துவிடாதீர்கள்.

கீபோர்டு கிழவன்

கடைசியாகச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நிரலில் ஓட்டிப் பார்த்தால் அந்த நொடியே தெரிந்துவிடும், செடிக்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் "எனக்கும் இதே" என்பதை மட்டும் விடமாட்டேன். அதற்கு ஒரு பொத்தான் போதும், எண்ணிக்கை ஏறட்டும்.

மாடித்தோட்டக்காரன்

எல்லோருக்கும் நன்றி (அழிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்).

நேற்று இரவு நண்பரோடு உட்கார்ந்து பேசினேன். மூடவில்லை. பின்னூட்டப் பெட்டியில் "இங்கே மருந்து சொல்லாதீர்கள், விவரம் கேளுங்கள்" என்று எழுதிவைத்தோம். கேள்வி கேட்கும் பக்கத்திலேயே தொட்டியா தரையா, செடிக்கு என்ன வயசு, ஏற்கெனவே என்ன அடித்தீர்கள் என்று மூன்று கட்டங்கள் சேர்த்தோம். மருந்து சொல்லும் பின்னூட்டத்தை உடனே அழிக்காமல், பதிலாக எழுதச் சொல்லி இரண்டு நாள் விட்டுப் பார்க்கப்போகிறோம். பழைய பேச்சைக் காப்பகத்தில் வைப்பதா தூக்கிப் போடுவதா என்பதில் எங்களுக்குள் இன்னும் இரண்டுக்கு இரண்டாக நிற்கிறது.

செவ்வந்தி அக்கா, அந்த மிளகாய்க்காரரிடம் நீங்கள் சொன்னதைக் கேட்டுப் பின்னூட்டம் போட்டேன். இன்று காலை படம் அனுப்பியிருக்கிறார். கவிழ்ந்த படகு. வேப்பெண்ணெய் ஞாயிற்றுக்கிழமைதான் அடித்தாராம்.