பறக்கிற விமானத்துக்கு இன்னொரு விமானம் வானத்திலேயே பெட்ரோல் போடுறதை நேரில் பார்த்தவங்க உண்டா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கடல்நாரை

கலிபோர்னியா ஓஷன்சைடில் இருந்து அரைநாள் மீன்பிடிப் படகு. நானும் ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேரும். மரீன் படைத்தளமான கேம்ப் பென்டில்டன் கரை தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மீன் ஒண்ணும் கடிக்கலை.

தெற்கே இருந்து கேசி-130ஜே ஒண்ணு வந்துச்சு, மத்த விமானங்களுக்கு எரிபொருள் கொடுக்கிற மரீன் டேங்கர். நான் குடியிருக்கிறது மீராமர் விமானத் தளத்துக்குப் பக்கத்துல மீராமேசா, அதனால அந்தச் சத்தம் பழகிப்போச்சு. சாதாரணமா தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டேன். அன்னைக்குப் பார்த்ததுக்குக் காரணம், ரெண்டு றெக்கையில இருந்தும் ஒவ்வொரு குழாய் பின்னால நீண்டு கிடந்தது. இடது பக்கக் குழாய்க்குப் பின்னாடி ஒரு சிஎச்-53ஈ ஹெலிகாப்டர்.

முதல் தடவை, டேங்கர் குழாயோட நுனியில இருக்கிற கூடை ஹெலிகாப்டரோட மூக்குக் குழாய்க்குக் கீழே வழுக்கிப் போச்சு. ஹெலிகாப்டர் பின்வாங்கிச்சு. ரெண்டாவது தடவையும் அதே கதை. அதுக்கப்புறம் ஒரு நீண்ட நேரம், என் கணக்குல ஒரு நிமிஷமாவது இருக்கும், ஒண்ணும் செய்யாம பின்னாலேயே பறந்துச்சு. மூணாவது தடவை மாட்டிச்சு. மாட்டின இடத்துல இருந்து குழாய் முழுக்க ஒரு அலை ஓடி றெக்கை வரைக்கும் போனதை வெறுங்கண்ணால பார்த்தேன். தாம்புக்கயிறை உதறினா ஒரு அலை ஓடுமே, அப்படி.

அந்த ஹெலிகாப்டரோட சுழலி விட்டம் 79 அடி. மூக்குக் குழாய் அந்த வட்டத்துக்கு வெளியே நீளுறது கொஞ்சம்தான். மேலே ஏழு இறக்கை சுத்துது, கீழே டேங்கர் குழாய் ஆடுது. ரெண்டு தடவை தவறவிட்டுட்டு சும்மா இருந்த அந்த ஒரு நிமிஷம் அந்தப் பைலட் என்ன செஞ்சுக்கிட்டு இருந்திருப்பார்? ரெண்டு வருஷமா இதேதான் மனசுல ஓடுது. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

ராடார்ராஜா

முதல்ல ஒரு திருத்தம். அது பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் வகை எரிபொருள். தலைப்பைப் பார்த்துட்டு நாலு பேர் தப்பா எடுத்துக்கக் கூடாது. ரெண்டாவது, ஒரு நிமிஷம் எல்லாம் இருக்காது, அந்த மாதிரி நேரத்துல பத்து விநாடியே நமக்கு ஒரு நிமிஷமாத் தெரியும்.

நான் பார்த்தது மீராமர் ஏர் ஷோவில். டேங்கர் தாழ்வா வந்துச்சு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஹெலிகாப்டர். மாட்டலை, மாட்டுற நிலையில நின்னு காட்டினாங்க. அவ்வளவுதான் என் கதை.

ஆனா போறவங்களுக்குச் சில விஷயம் சொல்லணும். வெள்ளிக்கிழமை போங்க, வார இறுதிக் கூட்டம் இருக்காது. குழந்தைங்களுக்குக் காதுல வைக்கிற பஞ்சு பத்தாது, முழுசா மூடுற மஃப் வாங்குங்க. எஃப்-35பி போர் விமானம் அந்தரத்துல அசையாம நிக்கிறப்போ வர்ற சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ள கேட்கும். பைனாகுலர் 8 மடங்கு போதும், 10 மடங்குன்னா கை நடுக்கமும் பெருசாத் தெரியும். கேமராக்காரங்க ஒண்ணு கவனிங்க. புரொப்பெல்லர் விமானத்தை 1/1000-ல எடுத்தா காத்தாடி அசையாம நிக்கிற மாதிரி விழும், பொம்மை மாதிரி இருக்கும். 1/125, மிஞ்சினா 1/200. பத்துல எட்டு ஆடிப்போகும், மீதி ரெண்டுதான் உங்க படம். ரேடியோ கேட்கிறவங்க சாதாரண விமான அலைவரிசை மட்டும் உள்ள கருவியை வாங்கி ஏமாறாதீங்க, ராணுவப் பேச்சு பெரும்பாலும் 225-ல இருந்து 400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். அதுக்குத் தனி ஸ்கேனர் வேணும். தண்ணி, தொப்பி கண்டிப்பா. ஓடுதளத்துல நிழலே கிடையாது. பெரிய பையோட வந்தா வாசல்லேயே திருப்பி அனுப்பிடுவாங்க.

பனங்கூடல்

ராஜா அண்ணை, சத்தம் பற்றி நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டுத்தான் இதை எழுதிறன். காதை மூடுறதால போகாத சத்தமும் இருக்கு.

நான் யாழ்ப்பாணத்தான். 1990-இல எனக்குப் பதினொரு வயசு. வீட்டுப் பின்வளவில பங்கர். குண்டு போட வாற சியாமாசெட்டி எண்ட சின்ன விமானம் வந்தால் ஒரு சத்தம், சகடை எண்டு நாங்கள் சொல்லுற பெரிய விமானம் வந்தால் வேற சத்தம். ஆர் முதல்ல கேட்டாலும் மற்றவையை இழுத்துக்கொண்டு உள்ளே இறங்கவேணும், அதுதான் சட்டம். சகடை மெதுவாத்தான் வரும். உருமிக்கொண்டு, வட்டமடிச்சு வட்டமடிச்சு. அந்த மெதுதான் பயம்.

மீராமருக்குப் பிள்ளையள் கேட்டவையள் எண்டு கூட்டிக்கொண்டு போனன். ஜெட் எல்லாம் போச்சுது, எனக்கு ஒண்டுமில்லை. பிறகு நாலு காத்தாடியோட கேசி-130 மெதுவா வந்துது. நான் என்ன செய்தன் எண்டு எனக்குத் தெரியாது. மகள்தான் பிறகு சொன்னவள், "அப்பா, ஏன் என்ரை தலையை அமத்தினீங்கள்?" எண்டு. அவளின்ரை தலையை என்ரை வயித்தோட சேர்த்து அமத்திக்கொண்டு குந்தி இருந்திருக்கிறன். சுத்திவர சனம் கைதட்டிக்கொண்டு நிண்டது.

நிமிர்ந்து பார்க்கேக்கை ரெண்டு ஹெலி அதுக்குப் பின்னால, கண்டுகள் தாய்ப்பசுவுக்குப் பின்னால போற மாதிரிப் போய்க்கொண்டிருந்துது. அந்த வகை விமானத்தில இருந்து என்னவோ விழும் எண்டுதான் என்ரை உடம்புக்குத் தெரியும். அது குடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த எனக்கு அழுகை வந்திட்டுது. கடல்நாரை அண்ணை வடிவு எண்டு நினைச்சுத்தான் எழுதியிருக்கிறார், எனக்கு விளங்குது. ஆனால் என்னாலை இப்பவும் அது வடிவெண்டு சொல்ல ஏலாது, வடிவில்லை எண்டும் சொல்ல ஏலாது.

கடல்நாரை

பனங்கூடல், நான் அப்படி யோசிச்சுப் பார்த்ததே இல்லை. எழுதினதுக்கு நன்றி. மகள் எப்படி இருக்கா?

பனங்கூடல்

சுகமா இருக்கிறாள். போன கிழமைதான் பங்கரின்ரை கதையை முதல்முதலாச் சொன்னனான்.

நெடுஞ்சாலை86

அழகோ இல்லையோ, ஆபத்து. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2020 செப்டம்பர் 29. இம்பீரியல் பள்ளத்தாக்கில சோலார் பிளான்ட் வேலை. சாயங்காலம் இன்டியோவுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தேன். நெடுஞ்சாலையில போலீஸ் வண்டி ஒண்ணு பின்னால ஒண்ணாப் பறந்துச்சு. என்னன்னு ராத்திரிதான் தெரிஞ்சுது. எரிபொருள் வாங்க வந்த எஃப்-35பி, டேங்கர் மேலேயே இடிச்சிருக்கு. எஃப்-35 விழுந்துச்சு, பைலட் குதிச்சுத் தப்பிச்சார். கேசி-130ஜேவுக்கு வலது பக்கம் ரெண்டு எஞ்சினும் போச்சு, எரிபொருள் ஒழுகுது. அதை அப்படியே இறக்கி, தெர்மல்ங்கிற ஊர் விமான நிலையத்துக்குப் பக்கத்துல விளைநிலத்துல வயித்தாலேயே சறுக்கி நிறுத்திட்டாங்க. உள்ளே எட்டுப் பேர். எட்டுப் பேரும் பிழைச்சாங்க.

சில நாள் கழிச்சு அந்தப் பக்கம் போனேன். தூரத்துல இருந்துதான் பார்க்க முடிஞ்சுது. விமானம் பயிருக்கு நடுவுல உட்கார்ந்திருந்துச்சு. உடையாம, முழுசா. களைச்சுப்போன மாடு படுத்திருக்கிற மாதிரி. பயிர் வரிசைகளை அழிச்சுக்கிட்டு அது வந்த தடம் மட்டும் பின்னால நீளமாத் தெரிஞ்சுது. எங்க அப்பா உழுதவர், எனக்கு முதல்ல கண்ணுல பட்டதே அந்தத் தடம்தான். நேரா இருந்துச்சு. ஒரு பக்கம் எஞ்சினே இல்லாத விமானம் கோணிக்கிட்டு ஓடியிருக்கணும், ஆனா தடம் நேரா இருந்துச்சு. எத்தனை பலமாப் பிடிச்சிருப்பாங்க அந்தக் கைகள்.

ராஜா, உங்க கேமரா யோசனை எல்லாம் வேற இழைக்குப் போகலாமே. இங்கே யாரும் கேட்கலை.

ராடார்ராஜா

கேட்காட்டியும் யாருக்காவது உதவும். பத்து வருஷமா இதுக்குன்னே அலையுறவன் நான், தெரிஞ்சதைச் சொல்றதுல என்ன தப்பு?

அரக்கோணம் எக்ஸ்பிரஸ்

எங்க ஊர்ல கடற்படையோட ராஜாளி விமானத் தளம் இருக்கு, சின்ன வயசுல டியூ-142 விமானச் சத்தத்துலதான் எழுந்திருப்போம். நம்ம கடற்படையிலயும் இப்படி வானத்துல நிரப்புறாங்களா?

ராடார்ராஜா

நம்ம விமானப்படைகிட்ட ஐஎல்-78 டேங்கர் ஆறு இருக்கு, 2003-ல இருந்து, ஆக்ரா தளம். அதுவும் குழாய்-கூடை முறைதான். கடற்படைப் போர் விமானம் மிக்-29கே, வயித்துக்கடியில குழாய் உள்ள ஒரு பெட்டியை (பாட்) மாட்டிக்கிட்டா இன்னொரு மிக்-29கேவுக்கே கொடுக்கும். அமெரிக்காவுல விமானப்படைதான் விறைப்பான தடி மாதிரி பூம் வச்சிருக்கு, டேங்கருக்குள்ள இருந்து ஒரு ஆள் அந்தத் தடியை வழிநடத்துவார். மரீன், கடற்படை ரெண்டும் பெரும்பாலும் கூடைதான். கூடையில வழிநடத்த ஆள் கிடையாது, வாங்க வர்றவர்தான் எல்லாம் செய்யணும். விமானப்படையோட கேசி-135 டேங்கர்லயும் பூம் நுனியில ஒரு குட்டிக் குழாயும் இரும்புக் கூடையும் மாட்டி இவங்களுக்குக் கொடுப்பாங்க. கடற்படைப் பைலட்டுகளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, 'இரும்புக் கன்னி'ன்னு பேரே வச்சிருக்காங்க.

செர்ரிபாயின்ட் செல்வி

கடல்நாரை கேட்டதுக்கு என்கிட்ட பாதி பதில் இருக்கு.

நாங்க வட கரோலினாவில ஹேவ்லாக். செர்ரி பாயின்ட் மரீன் விமானத் தளத்து வேலிக்கு இந்தப் பக்கம். பக்கத்து வீட்டு ஐயா சிஎச்-53 ஓட்டி ஓய்வு பெற்றவர். இங்கே வந்த புதுசுல ராத்திரிச் சத்தத்துல என் மாமியாருக்குத் தூக்கமே இல்லை. அவர்கிட்டப் போய் "இப்படி ராத்திரியில எதுக்கு?"ன்னு குறைப்பட்டுக்கிட்டேன். அவர் கோபப்படலை. எங்க சமையல் மேடையில ஒரு காபி டம்ளரைச் சாய்ச்சு வச்சு, கையில ஸ்பூனை எடுத்தார்.

"கூடையைப் பார்க்காதே. அதுதான் முதல் பாடம்"னார். கூடையைப் பார்த்தா கை அதைத் துரத்தும், கூடை காத்துல ஆடும், கையும் ஆடும். டேங்கரைப் பார்க்கணும். அதோட றெக்கையை, அதுல குழாய் இருக்கிற பெட்டியைப் பார்த்து அதோட ஒட்டிப் பறக்கணும். கூடை கண்ணோட ஓரத்துல தானா வரும். நெருங்குற வேகம் ஆள் நடக்கிற வேகம்தான். ரெண்டு விமானமும் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல போகுது, ஒண்ணை ஒண்ணு நெருங்குறது மட்டும் நடை. ஸ்பூனை டம்ளருக்குள்ள அவர் விட்டப்போ சத்தமே வரலை. எழுபது வயசுக் கை.

தவறவிட்டா? "பின்னால போ. நில். பூட்ஸுக்குள்ள கால்விரலை ஆட்டு"ன்னார். விரலை ஆட்டினா கையில ஏறின இறுக்கம் இறங்குமாம். அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாங்களாம். அந்த ஒரு நிமிஷம் உங்க ஆள் அதைத்தான் செஞ்சிருப்பார்.

ராத்திரிச் சத்தம் இப்பவும் உண்டு. மாமியார் கேட்டா, "விரலை ஆட்டிக்கிட்டு இருக்காங்க அத்தை"ன்னு சொல்லுவேன்.

கடல்நாரை

கால்விரல்! ரொம்ப நன்றி அக்கா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு பதில்.

ஹிரோஷிமா கண்ணன்

எல்லாரும் வாங்க வர்றவரைப் பற்றியே எழுதுகிறீர்கள். கொடுக்கிறவர்கள்? டேங்கர் விமானிக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. பின்கதவு ஜன்னலில் உட்கார்ந்து ஒருவர் பார்த்துச் சொல்வதுதான் அவருக்குக் கண். குழாய்ப் பெட்டியில் இருக்கிற விளக்கு மஞ்சள் என்றால் வரலாம், பச்சை என்றால் எரிபொருள் ஓடுகிறது, சிவப்பு என்றால் தொடாதே. அவ்வளவு நெருக்கத்தில் இன்னொரு விமானத்தை வரவிட்டு, ஆடாமல் நேராகப் போய்க்கொண்டே இருப்பதுதான் அவர்கள் வேலை.

2018 மே 5, ஜப்பானில் இருக்கிற அமெரிக்க மரீன்களின் இவாகுனி தளத்தில் நட்பு நாள். ஊரே உள்ளே போகலாம். நானும் மனைவியும் மகனும் போனோம். கேசி-130ஜேயின் கூடைக்குக் கிட்டே போய் நின்றேன். தூரத்தில் இரும்பு வளையம் மாதிரித் தெரிந்தது, கிட்டே போனால் விளிம்பு முழுக்கத் துணி. குடைத்துணி போல. அதில் காற்று நிறைந்துதான் கூடை விரிந்து நிற்கிறதாம். மகனுக்கு அப்போது நாலு வயது. தொட ஆசைப்பட்டான், நான் தடுத்தேன். அங்கே நின்ற இளைஞர் ஒருவர், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும், சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கினார். தொடவிட்டார். பிறகு பின்கதவு ஜன்னலுக்கும் கூட்டிப்போய், "நான் இங்கேதான் உட்காருவேன்" என்றார். மகன் ஜன்னலில் மூக்கை அழுத்தினான். மூச்சுப் பட்டுக் கண்ணாடி பனித்ததை அவர் தன் சட்டைக் கையால் துடைத்தார்.

அதே வருடம் டிசம்பர் 6, நள்ளிரவு தாண்டி. முரோத்தோ முனைக்குத் தெற்கே கடலுக்கு மேல் பயிற்சி. எரிபொருள் வாங்கி முடித்த எஃப்/ஏ-18டி ஹார்னெட் போர் விமானம் ஒன்று டேங்கர் மேலேயே மோதியது. ஹார்னெட்டில் இருந்த இருவரில் ஒருவரைத்தான் உயிரோடு மீட்டார்கள். டேங்கரில் ஐந்து பேர். சில நாள் தேடினார்கள். ஐவரும் திரும்பவில்லை. இவாகுனியில் இருந்து போன விமானம்.

அந்த இளைஞரின் சட்டையில் பெயர் தைத்திருந்தது. படித்தேன், நினைவில் இல்லை. ஐவரின் படமும் பத்திரிகையில் வந்தது. அந்தப் பக்கத்தை மனைவி மடித்து அலமாரியில் வைத்தாள். இதுவரை நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.