பக்கெட் சீட்டுக்குத் தமிழ்: வாளியா, சிப்பியா, அணைவா?

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் எந்த இருக்கையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கும் வண்டி போர்ஷே 911 ஜிடி3. 2021இல் வெளிவந்த 992 தலைமுறை ஜிடி3யை வாங்கியவர் மூன்று வகை இருக்கைகளில் ஒன்றைக் கேட்டுப் பெற முடிந்தது. ஒரு முனையில், கார்பன் இழையால் ஒரே ஓடாகச் செய்யப்பட்ட, முதுகு சாயாத 'ஃபுல் பக்கெட் சீட்' இருக்கிறது. அதைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தலாம், மின்விசையால் உயர்த்தித் தாழ்த்தலாம், அவ்வளவுதான். மறுமுனையில், '18 வே அடாப்டிவ்' என்று பெயர் பெற்ற, பெரும்பாலான பகுதிகளைப் பொத்தான்களால் நகர்த்தக்கூடிய இருக்கை இருக்கிறது. இடைப்பட்ட மூன்றாவதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

என் முதல் வரைவில் இவற்றை 'வாளி இருக்கை' என்றும் 'சொகுசு இருக்கை' என்றும் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் தங்கை, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவதாகவே பொருள் கொண்டாள். அவள் காரைப் பற்றி அறியாதவள் அல்லள். சொல்தான் அவளை வேறு பக்கம் இழுத்துச் சென்றது. 'பக்கெட் சீட்' என்றே ஒலிபெயர்த்து எழுதிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பேச்சில் அது போதும். ஆனால் இரண்டு இருக்கைகளையும் எதிரெதிரே வைத்துப் பத்துப் பக்கம் எழுதும்போது, பெயரைக் கேட்டவுடனே வேறுபாடு விளங்கும் இணைச்சொற்கள் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. குழுவின் கருத்தை வேண்டுகிறேன்.

* * *

அன்புள்ள தம்பிக்கு வணக்கம்.

நல்ல கேள்வி. சொல்லைத் தேடுமுன், 'பக்கெட் சீட்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு பொருள்கள் புகுந்திருப்பதைப் பிரித்துவிட வேண்டும். பழைய அம்பாசிடரின் முன்வரிசையில் ஒரே நீண்ட இருக்கை இருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருவர் நெருக்கி உட்கார்ந்து ஊருக்குப் போயிருக்கிறோம். அந்த நீளிருக்கைக்கு மாறாக ஆளுக்கொன்றாகப் பிரித்த எந்த இருக்கையையும் கார் விளம்பரங்கள் ஒரு காலத்தில் பக்கெட் சீட் என்றே அழைத்தன. அந்தப் பொருளுக்கு நமக்குத் 'தனியிருக்கை' என்ற சொல் போதும். நீங்கள் கேட்பது மற்றொன்று: உடலின் இரு பக்கங்களையும் வளைத்துப் பிடிக்கும், பந்தயத்திலிருந்து சாலைக்கு வந்த இருக்கை. இந்த இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் குறித்தால் ஆங்கிலத்தின் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்தவர்களாவோம்.

பிற மொழியினர் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் இதைப் 'பக்கே' என்கிறார்கள். அது சிறு தொட்டியைக் குறிக்கும் சொல். டச்சு மொழியிலும் தொட்டிதான். ஜெர்மானியரும் இத்தாலியரும் தொட்டியை விட்டு 'ஓடு' என்ற உவமையைப் பிடித்தார்கள்: ஜெர்மனில் 'ஷாலன்சிட்ஸ்', இத்தாலியத்தில் முட்டைக்கும் நத்தைக்கும் உரிய ஓட்டின் பெயர். ஆக, வாளி என்பது பொருளின் இயல்பு அன்று. பார்த்தவர் கண்ணில் பட்ட உவமை. அவர்களுடைய உவமையை நாம் மொழிபெயர்க்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர்.

ஓட்டு உவமை தமிழில் எடுபடுமா என்று முயன்று பார்த்தேன். இங்கே புணர்ச்சி குறுக்கே நிற்கிறது. ஓடும் இருக்கையும் சேர்ந்தால் 'ஓட்டிருக்கை' ஆகும். படிப்பவர் அதை ஓட்டுநரின் இருக்கை என்றுதான் நினைப்பார். கூடும் இருக்கையும் சேர்ந்தால் 'கூட்டிருக்கை'. அதுவோ பலர் கூட்டாக உட்காரும் இருக்கை என்று, அதாவது நாம் விலக்க நினைத்த அம்பாசிடர் நீளிருக்கை என்று பொருள்பட்டுவிடும். 'சிப்பியிருக்கை' ஒலிக்க அழகாக இருக்கிறது. ஆனால் சிப்பி என்றதும் இரு பாதிகள் மூடிக்கொள்ளும் காட்சியே மனத்தில் எழுகிறது. 'கவ்விருக்கை' என்று ஒருவர் முன்பு தனிமடலில் எழுதியிருந்தார். கவ்வுதல் வாயின் தொழில். மனிதனைக் காக்கும் பொருளுக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே வடிவத்தை விட்டு, அந்த இருக்கை செய்யும் வேலையிலிருந்து தொடங்குவோம். சாலை டயர்களோடு ஓடும் நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் ஏறத்தாழ 1 ஜி அளவுக்குப் பக்கவாட்டு முடுக்கத்தைத் தரும். 75 கிலோ எடையுள்ள ஒருவரை அவருடைய முழு எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளுகிறது என்பது இதன் பொருள். இருக்கை தட்டையாக இருந்தால், அவர் முழங்காலைக் கதவில் ஊன்றியும் ஸ்டீயரிங்கைப் பற்றித் தொங்கியும் தம் உடலை நிறுத்த வேண்டியிருக்கும். வண்டியைத் திருப்ப வேண்டிய கை, ஆளைத் தாங்கும் வேலையில் சிக்கிக்கொள்கிறது. இடுப்பு, விலா, தோள் ஆகியவற்றை இருக்கையே தாங்கிக்கொள்ளும்போது கை விடுதலை பெறுகிறது. டயர் தரையில் வழுக்கத் தொடங்குவதை ஓட்டுநர் முதுகின் வழியாகவே உணர்கிறார். தாங்கி அணைத்துக்கொள்வதுதான் இதன் தொழில். ஆகவே 'அணைப்பிருக்கை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். தலையணை, பஞ்சணை, அரியணை என்று, படுப்பதற்கும் அமர்வதற்கும் உரிய பொருள்களின் பெயர்களில் 'அணை' ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறது என்பது கூடுதல் வலு.

இனி இணையின் மறுபாதி. 'சொகுசு' வேண்டாம். ஆம்னிப் பேருந்துகளும் திரையரங்குகளும் அந்தச் சொல்லை விலைப்பட்டியலாக்கிவிட்டன. இங்கே பேசப்படுவது ஆடம்பரம் அன்று. ஆளின் உயரத்துக்கும் தொடையின் நீளத்துக்கும் இடுப்பின் அகலத்துக்கும் ஏற்ப இருக்கை தன்னை மாற்றிக்கொள்வது. 'இசைவிருக்கை' எனலாம் என்றால் இசை குறுக்கிடும். 'இயைவிருக்கை' என்று வைத்தால் பொருளும் ஒலியும் பொருந்துகின்றன.

இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள், எது எதற்கு விட்டுக்கொடுக்கிறது என்பது தெரியும். இயைவிருக்கையில் இருக்கை ஆளுக்கு இயைகிறது. மற்றதில் ஆள்தான் தமக்குரிய அளவைத் தேடிப் பொருந்த வேண்டும். பந்தய இருக்கைகளைச் செருப்பைப் போலச் சிறியது, பெரியது என்று அளவு பார்த்து வாங்குவது அதனால்தான். 2013இல் வந்த லா ஃபெராரி இதை அதன் எல்லைக்கே கொண்டுபோனது. அதில் இருக்கை வண்டியின் உடலோடு நிலைத்துவிட்டது. மிதிகளும் ஸ்டீயரிங்கும்தான் ஓட்டுநரை நோக்கி நகர்ந்து வருகின்றன. ஃபார்முலா 1இல், ஓட்டுநரை நுரை நிரப்பிய பையின்மேல் உட்காரவைத்து, அந்த நுரை அவருடைய உடலின் வடிவிலேயே இறுகியபின், அதை அச்சாகக் கொண்டு கார்பன் இழை இருக்கையைச் செய்கிறார்கள். ஓட்டுநரும் அவருடைய இருக்கையும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ இருக்க வேண்டும் என்று 2019இல் விதி வந்தபோது, இருக்கையை ஆளோடு சேர்த்தே எண்ணினார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை: '18 வே' என்பதைப் '18 வழி' என்று எழுதிவிடாதீர்கள். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒவ்வொரு திசையையும் தனித்தனியாக எண்ணித்தான் அந்த 18 வருகிறது. '18 திசை நகர்வு' என்றால் வாசகர் ஏமாற மாட்டார். உண்மையில் அவை ஒன்பது இணை நகர்வுகளே. இருபுறமும் எழுந்து நிற்கும் மெத்தைப் பகுதிக்குப் 'பக்கத்திண்டு' என்று எழுதுங்கள். திண்டு என்ற சொல் நம் வீடுகளில் இருந்ததுதான்.

* * *

ஐயா அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

இயைவிருக்கையை முழு மனத்தோடு ஏற்கிறேன். பக்கத்திண்டும் அப்படியே. 'அணைப்பிருக்கை' பற்றி மட்டும் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, 'அணைப்பு' என்றதும் இன்றைய வாசகருக்குத் தீயணைப்புதான் நினைவுக்கு வரும். வேறு துறையாக இருந்தால் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். பந்தய வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலேயே தீயணைப்பான் பொருத்தப்பட்டிருக்கிறது. "அணைப்பிருக்கைக்கு அருகே தீயணைப்பான்" என்ற ஒரு தொடரை எழுதிப் பார்த்தேன், இடறுகிறது. பாதுகாப்பைப் பற்றிய குறிப்பேட்டில் இப்படி இடறும் சொல் இருக்கக் கூடாது.

இரண்டாவது, பிஎம்டபிள்யூ தன் எம்3, எம்4 வண்டிகளுக்குத் தரும் 'எம் கார்பன் பக்கெட்' இருக்கை. வழக்கமான இருக்கைகளைவிட 9.6 கிலோ குறைந்த எடை, தொடைகளுக்கு நடுவே எழும் கார்பன் மேடு, ஆழமான பக்கத்திண்டுகள் என்று எல்லாம் பந்தயக் குணங்கள். ஆனால் அதன் முதுகு மின்விசையால் சாய்கிறது, சூடேற்றும் வசதியும் உண்டு. ஐயா சொன்ன எதிரிணையில் இதை எங்கே வைப்பது? 'அணைப்பது', 'இயைவது' என்ற இரண்டும் ஒரே இருக்கையில் சேர முடியும் என்றால், இரண்டில் எது என்று கேட்கும் கட்டுரையின் தலைப்பே பிழையாகிவிடாதா?

மேலும், கட்டுரை எழுதும் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். பெயர் எதுவாக இருந்தாலும், சாலையில் ஓடும் காரின் இருக்கையைக் கழற்றிவிட்டுச் சந்தையில் வாங்கிய பந்தய இருக்கையைப் பொருத்துவது ஆபத்தானது என்று எழுதுங்கள். பல கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கைக்குள்ளேயே இருக்கிறது. இருக்கையைக் கழற்றினால் அதுவும் போய்விடும். அதோடு, உடலை ஆறு முனைகளில் இறுக்கும் பந்தய இருக்கைப் பட்டையையும் (அறுமுனைப் பட்டை) கட்டிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். பந்தய வண்டியில் கூரையைத் தாங்கும் எஃகுக் குழாய்க் கூண்டு இருக்கும். அது இல்லாத காரில் கூரை நசுங்கினால், நிமிர்ந்த நிலையில் இறுகக் கட்டப்பட்ட உடலுக்கு விலகிச் சாய இடமே இருக்காது. சாலைக் கார்களில் வழக்கமாக உள்ள மும்முனைப் பட்டையில் அந்த இடம் கொஞ்சமாவது உண்டு. இதைச் சொல்லாமல் இருக்கைகளை ஒப்பிடுவது பொறுப்பாகாது.

* * *

அம்மா, தங்கள் முதல் தடையை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் அரியணையை நினைத்தேன், தீயணைப்பு நிலையத்தை மறந்துவிட்டேன்.

வேரை மாற்றாமல் ஈற்றை மாற்றலாம் என்று நினைக்கிறேன். நம் பள்ளி வேதியியலில் 'அணைவுச் சேர்மம்' என்ற சொல் நெடுநாளாக இருக்கிறது. நடுவில் ஓர் உலோக அணு. அதைச் சுற்றி நின்று பிணைந்து பற்றியிருக்கும் ஈனிகள். நடுவில் இருப்பதைச் சூழ்ந்து நிலைநிறுத்துவது என்ற அந்தப் பொருளே நமக்கும் வேண்டியது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படித்த எவருக்கும் 'அணைவு' என்பது நெருப்பை நினைவூட்டாது. ஆகவே 'அணைவிருக்கை'. இயைவிருக்கையோடு ஒலியிலும் இணைந்து நிற்கிறது.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. பிழை சொல்லில் இல்லை, நான் எதிரிணையை அமைத்த விதத்தில் இருக்கிறது. அணைவது என்பது இருக்கையின் வடிவத்தைப் பற்றியது. சாய்வதும் நகர்வதும் அதன் பொறியமைப்பைப் பற்றியவை. பிஎம்டபிள்யூவின் இருக்கை இரண்டும் சேர்ந்தது. எனவே முதுகு அசையாத ஒற்றை ஓட்டு இருக்கையை 'முழு அணைவிருக்கை' என்றும், முதுகு சாய்வதைச் 'சாய் அணைவிருக்கை' என்றும் அடைகொடுத்துப் பிரிக்கலாம். ஜெர்மன் மொழியிலும் போர்ஷேயின் இருக்கைக்கு 'முழு ஓட்டு இருக்கை' என்றே பெயர். அந்த 'முழு' தேவையில்லாமல் ஒட்டியதன்று. அடையில்லாமல் அணைவிருக்கை என்று மட்டும் எழுதினால் அது இரண்டையும் தழுவிய பொதுப்பெயர்.

அணைவிருக்கையில் மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. 2024 அக்டோபரில் போர்ஷே புதுப்பித்து அறிமுகப்படுத்திய ஜிடி3யில், முதுகு மடியும் எடைகுறைந்த பக்கெட் இருக்கை வந்தது. முதுகு முன்னால் மடிவதால் பின்பக்கத்துக்கு ஆள் நுழைய வழி கிடைக்கிறது. இது மடிதல், சாய்தல் அன்று. ஓட்டும்போது முதுகின் கோணத்தை மாற்றிக்கொள்ள அந்த மடிப்பு உதவாது. 'மடி அணைவிருக்கை' என்று தனியாகவே எழுத வேண்டும். வாங்குபவர் இந்த ஒரு சொல் வேறுபாட்டை அறியாமல் பணம் கட்டிவிட்டு, நீண்ட பயணத்தில் முதுகைச் சாய்க்க முடியவில்லையே என்று வருந்தக் கூடாது.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் கோவை கரி வேகப்பாதையிலும் வேலை செய்பவர்கள் பக்கெட் சீட் என்று சொல்வதை நாம் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டியதில்லை. எழுத்தில் முதல் முறை வரும்போது 'பக்கெட் சீட் எனப்படும் அணைவிருக்கை' என்று எழுதினால் இரு வழக்கும் கைகோத்துக்கொள்ளும். தம்பி, ஒரு பத்தியை இந்தச் சொற்களால் எழுதிக் காட்டுங்கள். சொல் நிற்குமா என்பது தொடருக்குள் வந்தால்தான் தெரியும்.

* * *

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. தலைப்பை 'முழு அணைவிருக்கையா, இயைவிருக்கையா?' என்று மாற்றிவிட்டேன். அம்மாவின் எச்சரிக்கை தனிப் பகுதியாகச் சேர்ந்துவிட்டது. திருத்திய பத்தி கீழே. பிழை இருந்தால் சுட்டுங்கள்.

"மாதம் ஒரு நாளேனும் பந்தயத் தடத்துக்குப் போகிறவர், வண்டியைத் தாம் ஒருவரே ஓட்டுகிறவர், தம் உடலளவு அந்த ஓட்டில் பொருந்துவதை உட்கார்ந்து பார்த்து உறுதிசெய்துகொண்டவர், இவர்களுக்கு பக்கெட் சீட் எனப்படும் முழு அணைவிருக்கை ஏற்றது. எடையும் குறையும், வளைவில் உடலும் நிலைக்கும். ஆனால் அதன் உயர்ந்த பக்கத்திண்டைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலியோ இடுப்பு வலியோ உள்ளவருக்கு நாள்தோறும் அது தொல்லை. கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டும் வீட்டில், உயரம் வேறுபடும் இருவருக்கும் ஒரே நிலைமுதுகு பொருந்துவது அரிது. அவர்கள் 18 திசை நகர்வுள்ள இயைவிருக்கையையே கேட்டுப் பெறலாம். அதன் பக்கத்திண்டுகளையும் உள்நோக்கி நெருக்கிக்கொள்ள முடியும் என்பதால், வளைவில் அணைவு அறவே இல்லாமல் போய்விடுவதில்லை. இரண்டிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். ஐந்து நிமிடம் போதாது, அரை மணி நேரமாவது உட்காருங்கள்."

'நிலைமுதுகு' என்பது எழுதும்போது தானாக வந்து விழுந்த சொல். அதை ஏற்கலாமா என்று குழுவினர் சொன்னால் நாளை அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.