ஒலி கேட்கிறது, படம் இல்லை: பழைய எல்.ஈ.டி. தொலைக்காட்சியின் பின்னொளி குறித்து யாழ்ப்பாண உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

கோண்டாவில் உறுப்பினர்:

“பனல் (படத்தைக் காட்டும் கண்ணாடித் திரை) போய்விட்டது, இனி இதற்குக் காசு செலவழிக்காதீர்கள்” என்று திருத்துநர் சொன்ன ஒரு வசனத்தை நம்பி, அப்பாவின் 32 அங்குலப் பெட்டியை எட்டு மாதங்கள் பழைய சேலையால் மூடி விறாந்தையில் வைத்திருந்தோம். அப்பா அதில் பார்த்தவை இரண்டுதான். ஒன்று இரவுச் செய்தி, மற்றது நல்லூர்த் திருவிழாவின் நேரடி ஒளிபரப்பு. முழங்கால் வலியால் நடக்க இயலாமற்போன பின்னர், அந்த 25 நாட்களும் அவர் முருகனைக் கண்டது அந்தத் திரையில்தான்.

தேர்த் திருவிழாவன்று, சத்தத்தையாவது அவர் கேட்கட்டும் என்று பெட்டியை மீண்டும் இணைத்தோம். நாதஸ்வரமும் தவிலும் “அரோகரா” ஒலியும் தெளிவாக வந்தன. திரை மட்டும் கரும்பலகையாக இருந்தது. விடுமுறையில் வந்திருந்த என் பெறாமகன் யன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, கைபேசியின் ரோச் வெளிச்சத்தைத் திரையோடு ஒட்டிச் சரிவாகப் பிடித்தான். பாதித் தேங்காய் அளவான அந்த வெளிச்ச வட்டத்துக்குள், நிழல்போல, வடம் பிடிப்பவர்களின் வெற்று முதுகுகள் அசைந்தன. ரோச்சை மேலே நகர்த்தியபோது தேரின் முடி தெரிந்தது. அப்பா கதிரையை விட்டு எழுந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து நின்று, “தேர் வெளிக்கிட்டிட்டுது” என்றார்.

பனல் பழுதாகியிருக்கவில்லை, படம் எட்டு மாதங்களும் அதற்குள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பின்னாலிருந்து அதற்கு வெளிச்சம் கொடுக்கும் எல்.ஈ.டி. பட்டைகள் மட்டுமே அணைந்திருந்தன. ஒரு ரோச்சும் இருட்டறையும் போதுமான சோதனையை, தொழிலாகவே இதைச் செய்யும் ஒருவர் ஏன் செய்து பார்க்கவில்லை என்பது இன்றுவரை என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

சுன்னாகம் உறுப்பினர்:

எங்களுடைய பெட்டி முற்றாக இருண்டிருக்கவில்லை. ஆளியைப் போட்டவுடன் ஒரு விநாடி முழுத் திரையும் வெளிச்சமாகி, பின்னர் அணைந்துவிடும், ஒலி தொடரும். அதை நானே கழற்றினேன். உள்ளே மூன்று பட்டைகள் இருந்தன. 9 வோல்ற் பற்றறி ஒன்றோடு 470 ஓம் தடையி ஒன்றைத் தொடராக இணைத்து, இரண்டு வயர் நுனிகளாலும் ஒவ்வொரு எல்.ஈ.டி.யாகத் தொட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொன்றும் மின்மினிபோல மினுங்கியது. நடுப் பட்டையின் நான்காவது மினுங்கவில்லை. கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தபோது, அதன் மஞ்சள் முகத்தின் நடுவே குண்டூசி முனையளவு கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தது. அந்தப் புள்ளியைக் கண்ட மகிழ்ச்சிதான் என்னைக் கெடுத்தது.

உதிரிப்பாகக் கடையில் இருந்த ஐயா, “மூன்றையும் மாத்துங்கோ தம்பி, ஒண்டை மாத்தினால் திரும்பவும் வருவியள்” என்றார். விற்பதற்காகச் சொல்கிறார் என்று எண்ணி ஒரு பட்டையை மட்டும் வாங்கி வந்தேன். நான்கு மாதங்களில் மேற்பட்டை போனது. அதை மாற்றி இரண்டு மாதங்களில் கீழ்ப்பட்டையும் போனது. மூன்று முறை திறந்ததில், பின்னொளியைப் பரப்பும் தாள்களுக்கிடையே தூசி புகுந்து, வெள்ளைக் காட்சி வரும்போதெல்லாம் அது தெரிகிறது. அவர் சொன்னதை ஏன் கேட்கவில்லை என்ற எண்ணம் அந்தத் தூசியைக் காணும்போதெல்லாம் வருகிறது.

திருநெல்வேலி உறுப்பினர்:

என் அனுபவம் சிறியது. எங்கள் வீட்டுப் பெட்டியின் நிறம் ஒரு வருடத்தில் மெதுமெதுவாக ஊதாவுக்கு மாறியது. நாங்கள் நாளாந்தம் பார்ப்பதால் அது தெரியவில்லை, ஒருநாள் என் மாணவி ஒருத்தி வந்து, “சேர், ஏன் செய்தி வாசிப்பவரின் முகம் கத்தரிக்காய் நிறமாக இருக்கிறது?” என்று கேட்ட பின்னர்தான் கண்டேன். வெள்ளை எல்.ஈ.டி. என்பது உண்மையில் நீல ஒளிகாலும் இருவாயிதான். 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு இந்த நீல ஒளிக்காகவே அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் கிடைத்தது. நீலத்தின் மேலுள்ள மஞ்சட் பூச்சு வெப்பத்தால் கெட்டுப்போகும்போது, நீலம் மேலோங்கித் திரை ஊதாவாகிறது. விஞ்ஞானம் படிப்பிக்கும் நான் ஒரு வருடம் அதைக் கவனிக்காமல் இருந்தது எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது.

சுன்னாகம் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்றையும் மாற்றியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற முடிவு பாதிதான் சரி. பட்டைகள் பெரும்பாலும் தொடரிணைப்பில் இருப்பதால், கோயில் வீதியில் கட்டும் பழைய சரவிளக்கில் ஒரு குமிழ் போனால் சரம் முழுவதும் அணைவதைப்போல, ஓர் எல்.ஈ.டி. உள்ளே அறுந்து திறந்த சுற்றானதும் எல்லாமே அணைகின்றன. அதற்கு மாறாக, அது குறுஞ்சுற்றானால், அதாவது தான் எரியாமல் மின்னை ஊடே போகவிட்டால், மற்றவை தொடர்ந்து எரியும்; திரையில் ஒரு மங்கல் திட்டு மட்டும் விழும். நீங்கள் கண்ட ஒரு விநாடி வெளிச்சமும் பின்வரும் இருளும், பின்னொளியை இயக்கும் சுற்று வோல்ற்றளவை உயர்த்திப் பார்த்து, எங்கோ பிழை இருப்பதை உணர்ந்து, பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்வதன் அடையாளம். உங்கள் மூன்று பட்டைகளும் ஒரே மின்னோட்டத்தில், ஒரே வெப்பத்தில், ஒரே காலம் எரிந்தவை. ஆகவே அவை அடுத்தடுத்துப் போனதில் வியப்பில்லை. ஆனால் புதிய பட்டைகளையும் அதே முழு வெளிச்சத்தில் எரித்தால், அவையும் அதே வழியில்தான் போகும். பட்டை மாற்றிய அன்றே பெட்டியின் பட்டியலுக்குள் (மெனு) சென்று பின்னொளியைப் பாதியளவுக்குக் குறைத்துவிடுங்கள். பல பெட்டிகளில் ‘பிரைற்னெஸ்’ என்பது படத்தின் கறுப்பை மட்டுமே மாற்றும். ‘பாக்லைற்’ என்று தனியாக இருப்பதைக் குறைத்தால்தான் எல்.ஈ.டி.க்கு ஓய்வு கிடைக்கும். கடையில் விற்பனைக்கு வைக்கும்போது பளிச்சென்று தெரிவதற்காகத் தெரிவுசெய்த காட்சி முறையிலேயே எங்கள் வீடுகளில் பெட்டிகள் ஐந்தாறு வருடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பட்டை வாங்கும்போது நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் எல்.ஈ.டி.களில் 3 வோல்ற்றும் உண்டு, 6 வோல்ற்றும் உண்டு. மாறிப்போனால் சுற்று ஒத்துழைக்காது. எண்ணிக்கை, இணைப்பியின் வடிவம், நேர் மறை முனைகள் ஆகிய எல்லாவற்றையும் பழைய பட்டையை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். இன்னுமொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது: எங்கள் 230 வோல்ற் மின்சாரம் சீராக்கப்பட்டதும், மின்வழங்கிப் பலகையில் மின்னைச் சேமித்து வைக்கும் பெரிய கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற் நேரோட்டமாக நிற்கிறது. சில பெட்டிகளில் அது இன்னும் கூடும். செருகியைக் கழற்றிய பின்னரும் அது உடனே போகாது. காத்திருந்து, மல்ரிமீற்றரால் அதன் இரு முனைகளையும் அளந்து, வோல்ற்றளவு இறங்கியதை உறுதிசெய்த பின்னரே கை வைக்க வேண்டும்.

பருத்தித்துறை உறுப்பினர்:

சேர் எழுதியவை அனைத்தும் சரியாகவே இருக்கலாம். ஆனால் பட்டையை எட்டுவதற்கு முன்னர் பனலைத் தூக்க வேண்டும் என்பதை ஒருவரும் எழுதவில்லையே. வாசிப்பவர்கள் பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றினால் பட்டை கைக்கு வரும் என்று நினைத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2014 இல் கனடாவிலிருந்து வந்த அக்கா வாங்கித் தந்த 40 அங்குலப் பெட்டி அது. நானும் தம்பியும் மெத்தைமேல் வைத்துக் கழற்றினோம். சட்டத்தை எடுத்த பின்னர், நான் இரண்டு மூலைகளைப் பிடித்தேன். தம்பி ஒரு கையில் ரோச்சை வைத்துக்கொண்டு மற்றக் கையால் ஒரு மூலையைப் பிடித்தான். நான்காவது மூலையை யாரும் பிடிக்கவில்லை. அது தன் பாரத்தில் ஒரு விரற்கடை தாழ்ந்தது. அப்பளம் ஒன்று எங்கோ நொறுங்கியதுபோல மெல்லிய சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அசையாமல் அப்படியே நின்றோம். மூலையிலிருந்து நடுப்பகுதி வரை தலைமயிர் போன்ற ஒரு கோடு. பட்டைகளை மாற்றிப் பூட்டிப் போட்டபோது வெளிச்சம் நன்றாக வந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் மையைக் கொட்டியதுபோல ஒரு கறை பரவியிருந்தது. பின்னொளி போனால் திருத்தலாம். கண்ணாடி வெடித்தால் அதற்குப் பின்னர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அக்காவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. மின்வெட்டில் பழுதாகிவிட்டது என்றே சொல்லியிருக்கிறேன். செய்யத்தான் வேண்டுமென்றால், மெத்தையில் வைக்காதீர்கள். அது அமுங்கி வளையும். பனலைவிடப் பெரிய மேசை ஒன்றில் சுத்தமான போர்வை விரித்து, ரோச் பிடிக்க மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டு, இருவர் நான்கு கைகளாலும் தூக்குங்கள். விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடாக்கள் இழுபடக் கூடாது. அவற்றில் ஒன்று கிழிந்தாலும் திரையில் கோடுகள் விழும்.

கொடிகாமம் உறுப்பினர்:

எங்கள் திரையில் இருள் வரவில்லை, நிலவுகள் வந்தன. முதலில் ஒன்று, அடுத்த மாதம் நான்கு. எல்.ஈ.டி.க்கு மேல் ஒட்டியிருக்கும் சிறிய லென்ஸ்கள் பசை விட்டு விழுந்துவிட்டால், வெளிச்சம் பரவாமல் ஓரிடத்தில் குவிந்து அப்படித் தெரியும். அவற்றைப் பொறுக்கி, வீட்டிலிருந்த உடனடிப் பசையால் ஒட்டினேன். மறுநாட் காலையில் பார்த்தபோது, ஒட்டிய லென்ஸ்கள் எல்லாம் பனி மூடிய கண்ணாடியாக வெளிறியிருந்தன. அந்தப் பசையின் ஆவி பிளாஸ்ரிக்கில் படிந்துவிட்டது. தெளிவாகக் காயும் இரண்டு பாகப் பசையை லென்ஸின் மூன்று கால்களிலும் துளியளவு மட்டும் தொட்டு வைத்திருக்க வேண்டும்.

மானிப்பாய் உறுப்பினர்:

கோண்டாவில் அண்ணா எழுதியதை வாசித்துவிட்டுப் பலர் ரோச்சைப் பிடித்துப் பார்த்து, நிழல்போலப் படம் தெரிந்தவுடன் பட்டை வாங்க ஓடிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். பின்னால் வெளிச்சம் இல்லை என்பதை மட்டுமே ரோச் சொல்லும். ஏன் இல்லை என்பதைச் சொல்லாது. இந்த வேறுபாட்டை அறியாமல் நான் இழந்தது ஒரு மாதமும் ஒரு தொகுதிப் பட்டைகளின் விலையும்.

2022 இல், ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், மின் திரும்பி வந்த ஓரிரவில் எங்கள் பெட்டியின் திரை எரியவில்லை. ரோச்சில் படம் தெரிந்தது. கொழும்பிலிருந்து பட்டைகளை வரவழைத்து, பருத்தித்துறை நண்பர் சொல்லும் அந்தத் தூக்குதலைப் பயந்து பயந்து செய்து, பூட்டினேன். அதே இருள். பழைய பட்டைகளைச் சோதித்திருந்தால் அவை நல்லவை என்று அன்றே தெரிந்திருக்கும். பிறகு சோதித்தபோது எல்லாம் எரிந்தன.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் அயலிலிருக்கும், வானொலி திருத்திப் பழகிய ஒரு மாமா வந்தார். அவர் பனலைத் தொடவேயில்லை. பின்மூடியை மட்டும் எடுத்து, பட்டைக்குப் போகும் இணைப்பியில் மீற்றரை வைத்தார். முற்றிலும் பூச்சியம். “பட்டை போனால் இங்கே கொஞ்சமாவது ஏறி இறங்கும், இது ஏறவேயில்லை” என்று சொல்லிக்கொண்டு, பின்னோக்கி அளந்து வந்தார். பிரதான பலகையிலிருந்து பின்னொளியை எரியச் சொல்லும் சைகை வந்துகொண்டிருந்தது. பின்னொளியை இயக்கும் சுற்றிலுள்ள சுருளின் ஒரு காலில் 24 வோல்ற் இருந்தது, மற்றக் காலில் ஒன்றுமில்லை. மின்னைத் துண்டித்து, பலகையைத் திருப்பி, உருப்பெருக்குக் கண்ணாடியை என்னிடம் தந்தார். அந்தக் காலைச் சுற்றி ஈயத்தில் மோதிரம் போன்ற ஒரு மெல்லிய கருவளையம் தெரிந்தது. வெப்பத்தில் விரிந்து சுருங்கி, ஈயம் காலை விட்டிருந்தது. பற்றாசு பிடித்து, புது ஈயம் வைத்து எடுக்க அவருக்கு ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. திரை எரிந்தது. தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

ஆகவே, முதலில் பின்மூடியை மட்டும் கழற்றி அளந்து பாருங்கள். பனலைத் தூக்குவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

கோண்டாவில் உறுப்பினர்:

மானிப்பாய்த் தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பெட்டியை இரண்டாவதாகப் பார்த்தவர் அளந்துதான் மாற்றினார். அதை எழுதாமல் விட்டது என் அவசரம். சேர் சொன்னபடி பட்டியலில் தேடினேன். பின்னொளி நூற்றுக்கு நூறில் இருந்தது, ஐம்பதுக்குக் குறைத்தேன். அப்பாவுக்கு வேறுபாடு தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மாற்றிய நாளிலிருந்து மேல் இடது மூலையில் உள்ளங்கை அளவு மங்கலாக இருக்கிறது. புதிய பட்டையில் ஒன்று குறுஞ்சுற்றானதா, அல்லது தாள் சரியாக அமரவில்லையா?

திருநெல்வேலி உறுப்பினர்:

கைபேசியிலிருந்து வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுவதும் வரும்படி காட்டுங்கள். மங்கல் வட்டமாக, ஓரம் மெதுவாகக் கரைந்து தெரிந்தால் எல்.ஈ.டி.; நேரான விளிம்போடு அல்லது மடிப்புக் கோட்டோடு தெரிந்தால் தாள். தாளென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். அதற்காக மீண்டும் பனலைத் தூக்க வேண்டாம்.