மாமியவைக்கு செவ்வாய்க்கிழமை மெடிக்கல்

சாந்தி மாமி: ஆரும் முழிப்போ? செவ்வாய்க்கிழமை குடும்பமா மெடிக்கலுக்கு வரச்சொல்லி கடிதம் வந்திருக்கு, அகதியா இங்க வர பிளேன் ஏற முதல் எக்ஸ்ரே எல்லாம் எடுத்துத்தானே விட்டவை பிறகென்ன திரும்ப

வாணி: அது தொத்துற கசநோய் மாதிரி இருக்கோ எண்டு பாத்தது மாமி. இது உங்கட சுகத்துக்கு, ரத்தச்சோகை, ஹெபடைடிஸ் பி எண்ட ஈரல் வருத்தம், பிரஷர், பல்லு, பிள்ளையளின்ர ஊசி எல்லாம் பாப்பினம், கசநோய்க்கும் ரத்தம் எடுப்பினம்

குமார்: எனக்கு அந்த ரத்தம் பொசிட்டிவ் எண்டவுடன ஒரு கிழமை தனிக்கோப்பை வச்சு தனியறையில இருந்தனான் 😂 பாத்தா எக்ஸ்ரே கிளியர், கிருமி உள்ள நித்திரையாம் ஒருத்தருக்கும் தொத்தாதாம். 4 மாசம் குளிசை, முதல்நாள் சலம் செம்மஞ்சளாப் போக முடிஞ்சுது கதை எண்டு நினைச்சன்

வாணி: 🤣 அந்தக் குளிசை ரிஃபாம்பிசின் அப்பிடித்தான், கண்ணீரும் நிறம் மாறும்

சாந்தி மாமி: சின்னனில போட்ட பிசிஜி, அந்தக் கசநோய்த் தடுப்பூசித் தழும்பு கிடக்கு அதால பிழையாக் காட்டாதோ

வாணி: கையில குத்தி 2, 3 நாளால வீக்கத்தை அளக்கிற டெஸ்டில காட்டலாம், ரத்த டெஸ்டை பிசிஜி குழப்பாது

சாந்தி மாமி: ஊசிக் காட் எல்லாம் ஓடேக்க துலைஞ்சிட்டுது

வாணி: பரவாயில்லை திரும்பப் போடுவினம், குத்துமதிப்பா திகதி மட்டும் சொல்லாதேங்கோ. மாமா மூச்சு முட்டுக்கு ஸ்டீரொயிட் குளிசை போடுறவரெல்லோ, அதைக் கட்டாயம் சொல்லுங்கோ. ஸ்ட்ரோஞ்சிலொயிடிஸ் எண்டு ஒரு புழு, வெறுங்காலோட மண்ணில நடக்க ஏறுறது, வருசக்கணக்கா சத்தமில்லாமக் கிடந்திட்டு ஸ்டீரொயிட் உள்ளுக்குப் போனாப் பெருகி உயிருக்கே உலை வைக்கும். மல டெஸ்டில தப்பிடும், ரத்தத்தில பாக்கக் கேளுங்கோ

சாந்தி மாமி: இதெல்லாம் அவையின்ர பாசையில நான் என்னெண்டு சொல்லுறது, சின்னவளைக் கூட்டிக்கொண்டு போறன்

வாணி: வேண்டாம் மாமி!! தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு முதலே சொல்லோணும். நித்திரை வருதோ, கெட்ட கனவு வருதோ, அங்க என்ன நடந்தது எண்டும் கேப்பினம், 12 வயசுப் பிள்ளையோ அதைத் தன்ர வாயால சொல்லுறது

சாந்தி மாமி: அதையும் கேப்பினமோ

வாணி: கேப்பினம். இண்டைக்குச் சொல்ல ஏலாது எண்டா விடலாம், ஒருத்தரும் வற்புறுத்தக் கூடாது

சாந்தி மாமி: மொழிபெயர்க்கப் பொம்பிளை ஆளாத் தரச்சொல்லலாமோ

வாணி: ஓம். விடிய நானே போன் எடுத்துக் கேக்கிறன், கடிதத்தைப் படமெடுத்துப் போடுங்கோ

சாந்தி மாமி: 📷

குமார்: மாமி தலைகீழாக் கிடக்கு