கொமிஷா, டிசம்பர் 6: கோயில் முன் எரிவது என்ன படகு?

அலைவாய்:
குரோவேஷியாவின் விஸ் தீவில், கொமிஷா ஊரில் புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு ஒரு மரப்படகைக் கோயில் முன் எரிக்கிறார்கள். அது அந்த ஊரின் பாரம்பரிய மீன்பிடிப் படகான ஃபல்குஷாதானா? சாம்பல் எங்கே போகிறது? அன்று காலையே கரையிலுள்ள ஸ்பிளிட் நகரத்திலிருந்து கிளம்பினால் போதுமா? மீன் பூரணம் வைத்துச் சுடும் ரொட்டியான கொமிஷா பொகாச்சாவின் அளவு தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

பாய்மரம்:
ஃபல்குஷா இல்லை. பழுதுபார்க்க வழியில்லாத ஏதாவது ஒரு பழைய மரப்படகு. ஃபல்குஷாவை எரிக்க அசல் ஒன்றுகூட மிச்சமில்லை. இன்று மிதப்பவை மறுபடி கட்டியவை. அவற்றில் ஒன்று 1998 லிஸ்பன் உலகக் கண்காட்சிக்குப் போனது. ஃபல்குஷா சுமார் 9 மீட்டர் நீளம், ஐந்து பேர் ஓட்டுவது. 'ஃபல்கே' என்ற கழற்றி மாட்டும் பக்கப் பலகைகளால் வந்த பெயர். சுமார் 42 கடல்மைல் தள்ளியுள்ள பலக்ரூஷா தீவுக்கு மீன்பிடிக்கப் போகும்போது அலை உள்ளே ஏறாமலிருக்க மாட்டுவார்கள், வலை போடும்போது கழற்றிவிடுவார்கள்.

நிக்கோலாஸ் கடலோடிகளின் பாதுகாவலர். ஆயுள் முடிந்த படகை அவருக்குக் காணிக்கையாக்குவதுதான் வழக்கத்தின் சாரம். சாம்பலைப் புதிதாகக் கட்டும் படகில் சேர்ப்பது மரபு. பழைய படகின் உயிர் புதியதில் தொடரும் என்ற நம்பிக்கை.

கோயில் துறைமுகத்தில் இல்லை, ஊருக்கு மேலே மேட்டில் இருக்கிறது. உள்ளூரில் 'முஸ்டர்' என்பார்கள், மடத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் மருவல். பக்கத்துத் தீவான பிஷேவோவிலிருந்து வந்த பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் அது. படகு அந்த ஏற்றத்தில் ஏறியாக வேண்டும், அதனால் சின்னப் படகுதான் தோது.

தீவுப்பயணி:
அன்று காலை கிளம்பாதீர்கள். 5ஆம் தேதியே கொமிஷாவில் தங்கிவிடுங்கள். கார் ஏற்றும் ஃபெரிக்கு சுமார் 2 மணி 20 நிமிடம், ஆட்களை மட்டும் ஏற்றும் கேட்டமரான் படகு அதைவிட வேகம். ஆனால் இரண்டும் விஸ் நகரத்தில்தான் இறக்கும், கொமிஷா அங்கிருந்து சுமார் 10 கி.மீ. குளிர்காலத்தில் கப்பல் குறைவு. தென்கிழக்கிலிருந்து யூகோ காற்று பலமாக அடித்தால் முதலில் ரத்தாவது கேட்டமரான், ஃபெரி கொஞ்சம் தாங்கும். திரும்புவதற்கும் ஒரு நாள் கையிருப்பு வையுங்கள்.

தீக்கு அருகில் நைலான் ஜாக்கெட் வேண்டாம், ஒரு பொறி பட்டாலே ஓட்டை. காற்று புகையைத் தள்ளும் பக்கம் நிற்காதீர்கள்: பழைய பெயின்ட் புகை நெஞ்சை அடைக்கும். அணைந்த பிறகு சாம்பலை மிதிக்காதீர்கள், உள்ளே ஆணிகள் கிடக்கும்.

அடுப்படி:
பொகாச்சா: மாவு 500 கிராம், ஈஸ்ட் 7 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 300 மி.லி., ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. பிசைந்து ஒரு மணி நேரம் உப்ப விடுங்கள்.

உள்ளே வைக்க: வெங்காயம் அரைக் கிலோ, எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கியது, தக்காளி 300 கிராம், நீர் வற்றக் கெட்டியாக வேகவைத்தது, உப்பிட்ட மத்தி அல்லது நெத்திலி 150 கிராம். மீனைக் கழுவி முள் எடுத்து 10 நிமிடம் தண்ணீரில் போட்டு, ஈரம் ஒற்றிவிடுங்கள். மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தட்டில் விரித்து, மேலே இவற்றைப் பரப்பி, இன்னொன்றால் மூடி ஓரம் மடித்து, முள்கரண்டியால் குத்தி 220 டிகிரியில் 30 நிமிடம்.

கெடுவது இரண்டே இடத்தில். தக்காளி நீர்த்திருந்தால் அடிமாவு வேகாது. மீனை ஊறவைக்காவிட்டால் வாயில் வைக்க முடியாது. பூரணத்துக்குத் தனி உப்பு கூடவே கூடாது. விஸ் நகரத்தார் தக்காளி சேர்ப்பதில்லை, கொமிஷாக்காரர்கள் சேர்க்காமல் விடுவதில்லை. எது சரி என்று அந்தத் தீவில் கேட்டுவிடாதீர்கள், ஃபெரி போய்விடும்.

அலைவாய்:
5ஆம் தேதிக்கே போகிறேன். டிசம்பரில் நல்ல தக்காளிக்கு எங்கே போவது?

அடுப்படி:
டப்பாத் தக்காளி போதும், சாற்றை மட்டும் வடித்துவிடுங்கள்.